ஆறு தோட்டாவா, பதினாறு தோட்டாவா?



சென்ற மாதம் மாலை நடையின்போது பி பிளாக் நண்பர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவர் மகன் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருபது வருடமாக இருக்கிறார், அந்நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். பக்கத்துத் தெருவில் ஏதோ கொள்ளை நடந்ததிலிருந்து, வெளியே போகும்போது இடுப்பில் ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன என்று யோசனையாம். அந்த டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது தாண்டியவர் அதை உடன் எடுத்துச் செல்லத் தனி அனுமதிச் சீட்டுகூட வேண்டியதில்லை. "ரிவால்வர் வாங்கவா, பிஸ்டல் வாங்கவான்னு என்கிட்டக் கேக்கிறான் சார். நான் என்னத்தச் சொல்ல? நீங்கதான் பழைய கதையெல்லாம் எழுதுறீங்களே" என்றார்.

தீபாவளித் துப்பாக்கி தவிர வேறெதையும் நான் கையில் பிடித்ததில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அமெரிக்கப் போலீஸார் நூறு வருடம் பதில் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலில் பலர் உயிரும் போயிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள தீபாவளித் துப்பாக்கியே போதும். வட்டமாக எட்டு பொட்டுகள் கொண்ட ரிங் கேப் போட்டுச் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? விசையை இழுத்தால் வட்டம் ஒரு பொட்டு தள்ளிச் சுழலும். ஒரு பொட்டு நமுத்துப் போயிருந்தாலும் கவலையில்லை, மறுபடி இழுத்தால் அடுத்தது வெடிக்கும். ரிவால்வர் கிட்டத்தட்ட அதுதான். ஐந்தோ ஆறோ தோட்டாக்கள் ஓர் உருளையில் இருக்கும், நம் விரல்தான் அந்த உருளையைச் சுழற்றுகிறது. சுருள் கேப் துப்பாக்கி வேறு மாதிரி. நிறைய வெடிக்கும், ஆனால் சுருள் சிக்கினால் திறந்து சரிசெய்ய வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் குணமும் அந்த வகைதான். கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும். ஒரு தோட்டா வெடித்த உதைப்பில் மேல்பகுதி பின்னால் ஓடி, காலிக் குப்பியை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும். ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். ஆனால் ஏதாவது சிக்கினாலோ தோட்டா வெடிக்காவிட்டாலோ இன்னொரு கையால் மேல்பகுதியை இழுத்துவிட வேண்டும்.

ரிவால்வர்தான் மூத்தது. சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1836-இல். நியூயார்க் போலீஸில் ஆளுக்கொரு வகைத் துப்பாக்கி வைத்திருந்ததை மாற்றி, எல்லாருக்கும் ஒரே மாதிரி .32 கோல்ட் ரிவால்வர் என்று 1896-இல் ஆக்கியவர் பின்னாளில் ஜனாதிபதியான தியோடோர் ரூஸ்வெல்ட். அப்போது அவர் அந்நகரின் போலீஸ் ஆணையர்களில் ஒருவர். 1899-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ஆறு தோட்டா .38 ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்கப் போலீஸ்காரர் என்றால் இடுப்பில் அந்த வகைதான்.

பிஸ்டலும் வெகு காலம் பின்தங்கிவிடவில்லை. ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சிக்காமல் சுட்டது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துச் சுட்டார்களாம். அதே வருடம் ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட பிஸ்டலும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான்.

அப்படியானால் ராணுவம் எடுத்துக்கொண்டதைப் போலீஸ் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? போலீஸ்காரர் வேலை வேறு என்பதுதான் காரணம். அவர் துப்பாக்கி வருடக்கணக்கில் உறையில் கிடக்கும். பலருக்கும் வருடத்துக்குச் சில தடவைதான் சுடும் பயிற்சி. அப்படிப்பட்டவர் கையில், என்றைக்கோ ஒரு ராத்திரி, எடுத்து இழுத்தவுடன் வெடிக்க வேண்டும். ரிவால்வரின் விசை கனமாக, நீளமாக இருப்பதால் பதற்றத்தில் தெரியாமல் இழுபட்டுவிடும் பயமும் குறைவு. இந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

முதலில் மாறிய பெரிய துறை இல்லினாய் மாநிலப் போலீஸ், 1967-இல். அங்கே காரணம் தோட்டா எண்ணிக்கை அல்ல என்பதுதான் சுவாரசியம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் துப்பாக்கி கூடவே இருக்க வேண்டும் என்று அங்கே விதி. சட்டைக்குள் துருத்தாமல் தட்டையாக இருக்க, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 39 பிஸ்டலைக் கொடுத்தார்கள். நம் நண்பரின் மகன் இன்று கேட்கும் அதே கேள்விதான்!

பிறகு 1970 ஏப்ரல் 6. கலிபோர்னியாவில் நியூஹால் என்ற ஊரில், நள்ளிரவில், நெடுஞ்சாலைப் போலீஸார் நான்கு பேர் சில நிமிடங்களுக்குள் கொல்லப்பட்டார்கள். எல்லாருக்கும் 23, 24 வயதுதான். அவர்களில் ஒருவர் தன் ரிவால்வரின் ஆறு தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, குனிந்து ஒவ்வொன்றாக மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தபோது, எதிரி அருகில் வந்து சுட்டுவிட்டான். அவர் பயிற்சியில் பழகியபடி காலிக் குப்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை பல வருடம் போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் தீர ஆராய்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் பயந்த நேரத்தில் கை பழகியதைத்தான் செய்யும் என்ற பாடம் அந்தக் கதையோடு ஊர் ஊராகப் போயிற்று. கலிபோர்னியாவில் ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்பும் ஸ்பீட்லோடர் வந்ததே தவிர, ரிவால்வர் போகவில்லை.

1986 ஜூனில் நியூயார்க்கிலும் ஏறக்குறைய இதேதான். 22 வயது இளைஞர் ஒருவர், ஆறும் தீர்ந்து நிரப்பிக்கொண்டிருந்தபோது பிஸ்டல் வைத்திருந்தவனால் சுடப்பட்டு இறந்தார்.

ஆனால் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது அதே வருடம் ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த மோதல். வங்கிக் கொள்ளையர் இருவரின் காரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். சண்டை ஐந்து நிமிடம்கூட இல்லை. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயம்பட்டார்கள். கொள்ளையர் இருவரும் இறந்தார்கள். "ரிவால்வரை நம்பிப் போனதால் வந்த வினை" என்று அப்போது பலரும் சொன்னார்கள். அதுவே நாடு முழுதும் பரவியது.

ஆனால் அன்று நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு அதிகாரி கையில் குண்டடி பட்டதால் ரிவால்வரை மறுபடி நிரப்ப முடியாமல் தவித்தார், அது உண்மை. ஆனால் எட்டுப் பேரில் மூவரிடம் 9 எம்.எம். பிஸ்டல் இருந்தது. இறந்த இருவருமே பிஸ்டல் வைத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவரின் பிஸ்டல் எதிரியின் குண்டு பட்டுப் பழுதாகிவிட்டது. கார்கள் மோதிய வேகத்தில், எடுத்துத் தயாராக வைத்திருந்த துப்பாக்கி கைக்கு எட்டாமல் போய்விட்டது வேறு சிலருக்கு. அதிகாரிகளின் 9 எம்.எம். குண்டு ஒன்று கொள்ளையன் ஒருவனின் உடலுக்குள் போய், இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னே நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது நீளத் துப்பாக்கி. அதற்கு முன்னால் ரிவால்வர், பிஸ்டல் இரண்டுமே சின்னதுதான். கடைசியில் சண்டையை முடித்தவர் எட்மண்டோ மிரெல்ஸ். இடது கை சிதைந்த நிலையில், ஒற்றைக் கையால் ஷாட்கன்னைச் சுட்டுவிட்டு, எழுந்து நடந்துபோய்த் தன் ரிவால்வரின் ஆறு தோட்டாக்களையும் சுட்டு முடித்தார்.

அதாவது, ரிவால்வரை வீழ்த்திய சண்டை ரிவால்வரால் முடிந்தது. எஃப்.பி.ஐ. பிறகு பெரிய தோட்டாவுக்கு மாறியது, அது கைக்கு அடங்காததால் .40 அளவுக்கு இறங்கியது. சுமார் 2015-வாக்கில் மறுபடி பழைய 9 எம்.எம். அளவுக்கே வந்து சேர்ந்தது. அதற்குள் தோட்டாவின் தரம் உயர்ந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்திரியாவின் கிளாக் பிஸ்டல் வந்துசேர்ந்த நேரமும் அதுதான். காஸ்டன் கிளாக் செய்ததை 1982-இல் அந்நாட்டு ராணுவம் எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் உடம்பு, குறைந்த எடை, 17 தோட்டா. நியூயார்க் போலீஸ் 1993-இல் 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியது. மாறும்போதும் பயம் விடவில்லை. விசை இலகுவாக இருந்தால் தெரியாமல் வெடித்துவிடும் என்று, அவர்களுக்கென்றே கனமான விசை போட்டு வாங்கினார்கள்.

இப்போது அடுக்குமாடியில் வசிக்கும் நாம் நின்று பார்க்க வேண்டிய ஒரு ராத்திரி. 1999 பிப்ரவரி 4, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. கினி நாட்டிலிருந்து பிழைக்க வந்த அமடூ டியாலோ, வயது 23, தான் குடியிருந்த கட்டடத்தின் வாசல் நடையில் நின்றிருந்தார். சாதாரண உடையில் வந்த போலீஸார் நால்வர், தாங்கள் தேடும் ஆள் என்று நினைத்தார்கள். அவர் பையிலிருந்து எதையோ எடுத்தார். துப்பாக்கி என்று நினைத்துச் சுட்டார்கள். ஒருவர் படியில் தடுமாறி விழ, அவர் சுடப்பட்டுவிட்டார் என்று மற்றவர்கள் எண்ணினார்கள். மொத்தம் 41 தோட்டாக்கள். 19 அவர் மேல் பட்டன. கையில் இருந்தது பர்ஸ். நால்வரில் இருவர் ஆளுக்கு 16 சுட்டிருந்தார்கள். பழைய ரிவால்வராக இருந்தால் நால்வரிடமும் சேர்த்து 24-தான் இருந்திருக்கும். அப்போதும் அந்தப் பையன் பிழைத்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நியூஹாலில் ஆறு போதவில்லை என்று அழுதவர்கள், இங்கே பதினாறு இருந்தால் பதினாறும் போய்விடும் என்று கண்டார்கள். வழக்கில் நால்வரும் விடுவிக்கப்பட்டார்கள்.

பொதுமக்கள் உடன் எடுத்துச் செல்லும் துப்பாக்கியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950-இல் வந்த 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற ஐந்து தோட்டாக் குட்டி ரிவால்வர்தான் பல வருடம் பலருடைய தேர்வு. 1994-இல் புதிதாகத் தயாரிக்கும் மேகசினில் பொதுமக்களுக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது என்று மத்தியச் சட்டம் வந்தது. பத்துதான் என்றான பிறகு பெரிய பிஸ்டல் எதற்கு என்று கம்பெனிகள் உள்ளங்கைப் பிஸ்டல்களைச் செய்யத் தொடங்கின. கட்டுப்படுத்த வந்த சட்டம், மறைத்து வைக்கச் சுலபமான பிஸ்டலுக்கு வழி திறந்துவிட்டது. 2004-இல் சட்டம் காலாவதியானது, குட்டிப் பிஸ்டல்கள் தங்கிவிட்டன.

இதையெல்லாம் நடந்துகொண்டே நண்பரிடம் சொன்னேன். எண்ணிக்கையை வைத்துத் தேர்வு செய்ய வேண்டாம், நான் படித்தவரையில் ஆறா பதினாறா என்பதைவிட அந்தக் கை எத்தனை நாள் பழகியது என்பதுதான் ஆளைக் காத்திருக்கிறது என்றேன். பழக நேரமில்லாதவருக்கு ரிவால்வர் கொஞ்சம் மன்னிக்கும், பிஸ்டல் தொடர்ந்து பழகச் சொல்லும். வாங்காமலே இருப்பதும் ஒரு தேர்வுதான் என்பதையும் சொன்னேன்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். ரிவால்வரின் உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைப்பவர்கள் உண்டு. குழலுக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். மாடல் 39 போன்ற சிலவற்றில் மேகசின் இல்லாவிட்டால் வெடிக்காதபடி பூட்டு வைத்திருந்தார்கள். கிளாக்கில் அது கிடையாது, விசையை இழுத்தால் வெடிக்கும்.

நண்பர் சட்டென்று நின்றுவிட்டார். "பேரனுக்கு ஆறு வயசு சார். அலமாரி, பீரோ எதையும் விடமாட்டான்" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மகனுக்கு போன் போட்டார். ஹூஸ்டனில் அப்போது காலை ஏழு மணி இருக்கும்.