சபைக்கு வெளியே நின்ற லயங்கள்

கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டிய பிரதேச சபையில் இன்று கிராமத்துப் பாதையைப் பற்றியும் பேசலாம், தோட்டத்துப் பாதையைப் பற்றியும் பேசலாம். இரண்டுக்கும் சபை தன் நிதியிலிருந்து செலவிடலாம். இந்தச் சாதாரண உரிமை சட்டத்தில் ஏறியது 2018இல்தான். பிரதேச சபைச் சட்டம் 1987இல் நிறைவேறியது. முதல் தேர்தல் 1991இல் நடந்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேலாக மலையகத்தில் தோட்டத்தார் வாக்களித்தார்கள், உறுப்பினர்களாகவும் அமர்ந்தார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டக் குடியிருப்புக்குள் போக வழிவிடவில்லை. சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தவரை அரசு தொழிலாளியாகக் கணக்கில் எடுத்ததே தவிர, ஊரில் குடியிருப்பவராக எடுக்கவில்லை. அந்த நீண்ட வழக்கத்தின் கடைசிக் கண்ணியே 33ஆம் பிரிவு.

வழக்கம் தொடங்கியது காலனிக் காலத்தில். கேகாலை மாவட்டத்தின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் கூரை, குடிநீர், பாதை, மருந்து, பிள்ளைமடுவம் எல்லாம் தோட்டத் துரையின் பொறுப்பு. குறை இருந்தால் பிரட்டுக்களத்தில் கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்ல வேண்டும். அவர்கள் மனம் வைத்தால் அது துரையின் ஆபீசுக்குப் போகும். கூலி கொடுப்பவரே குறை கேட்பவர், தீர்ப்பவரும் அவரே. வேலியின் மறுபக்கத்துக் கிராமங்களுக்கோ 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கிராமச் சபைகளுக்குப் புத்துயிர் கொடுத்திருந்தது. 1930களின் இறுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் கிராமச் சபை வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பத்தாண்டுக்கு முன்பே நடந்தது இது. நாட்டின் குடிமக்களா என்ற கேள்வி எழுவதற்கு முன்னரே, ஊரின் மக்கள் அல்லர் என்ற விடை வந்துவிட்டது.

அந்த விடை என்ன செய்யக்கூடும் என்பதை இதே மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டம் காட்டியது. 1940களின் நடுவில் கிராம விரிவாக்கத்துக்காக அரசு அத்தோட்டத்தை எடுத்துக்கொண்டது. லயங்களில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னது. நிலமற்ற சிங்களக் கிராமத்தவருக்கு நிலம் தேவைப்பட்டது உண்மை. அந்தத் தேவையும் நியாயமானதே. ஆனால் ஊர் விரிவடையும்போது லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஊர்க்கணக்கில் சேரவில்லை. வேலை போனதும் வீட்டின் மீதான உரிமையும் போனது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தலைமையில் எதிர்ப்பும் வேலைநிறுத்தமும் எழுந்தன. வெளியேற மறுத்தவர்கள்மீது அத்துமீறல் வழக்குகள் போடப்பட்டன. அவற்றுள் ஒன்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. போக்கிடம் இல்லாமல் தன் வீட்டிலேயே தங்கியவருக்கு, நிலத்துக்காரரைத் தொல்லைப்படுத்துவதே முதன்மை நோக்கம் என்று கொள்ள முடியாது எனச் சொல்லி, கவுன்சில் தண்டனையை இரத்துச் செய்தது. அங்கேயும் அவர் குற்றவாளி அல்லர் என்பதுதான் முடிவானது. அந்த ஊர்க்காரர் என்று எவரும் தீர்ப்பளிக்கவில்லை.

தொழிற்சங்கம் இருந்ததே, அது பேசவில்லையா என்று கேட்கலாம். பேசியது, வலுவாகவே பேசியது. சம்பளம் உயர்ந்ததிலும் குடியுரிமை மீண்டதிலும் சங்கங்களின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் சங்கம் பேசுவது சந்தா கட்டும் தொழிலாளிக்காக, முதலாளியிடம். இன்று லயத்தில் இருந்துகொண்டு கொழும்பில் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தோட்டத்துச் சங்கத் தலைவர் எந்த வகையில் பிரதிநிதி? தோட்டம் தனியார் சொத்து, பொதுப்பணத்தை அங்கே கொட்டலாமா என்பது அடுத்த மறுப்பு. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின் பெருந்தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுடையது. 1992 முதல் கம்பனிகளிடம் இருப்பது குத்தகைதான். வரி கட்டாதவருக்குச் சேவையா என்பது மூன்றாவது. நிரந்தரப் பயிர் நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் பிரதேச சபைச் சட்டத்திலேயே சபைக்கு உண்டு. வரி கேட்கத் தோட்டத்துக்குள் வரலாம், வாய்க்கால் வெட்ட வரக்கூடாது என்பது எந்த நியாயம்?

2016 மே மாதத்தில் புளத்கொகுபிட்டியவின் களுபஹன தோட்டத்தின் லயங்கள்மீது மலைச்சரிவு இறங்கிப் பலர் உயிரிழந்தனர். சபைக்கு அதிகாரம் இருந்திருந்தால் அது நிகழ்ந்திராது என்று சொல்வது மிகைப்படுத்தல். அதே நாளில் அரநாயக்கவில் கிராமங்களும் புதைந்தன. ஆனாலும் ஆபத்தான சரிவில் இருப்பவர் தன் அச்சத்தை எங்கே பதிவு செய்வது என்ற கேள்விக்குக் கிராமத்தவரிடம் ஒரு விடை இருந்தது. லயத்தவரிடம் கம்பனி ஆபீஸ் மட்டுமே இருந்தது. இரண்டாண்டுகள் கழித்துத் திருத்தச் சட்டம் வந்தது. வந்தபின்னும் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிய, தேர்தல் தள்ளிப்போய் 2025 மே வரை நாட்டின் ஏறக்குறைய எல்லாச் சபைகளிலும் உறுப்பினர்கள் இல்லை. புதிய உரிமையைப் பழகிப்பார்க்கக் கிடைத்த காலம் அவ்வளவு குறுகியது.

இனி இருப்பது எண்ணிக்கைச் சிக்கல். நுவரெலியாவில் தமிழர் செறிந்து வாழ்வதால் நோர்வூட், மஸ்கெலியா போன்ற புதிய சபைகளைக் கேட்டுப் பெற முடிந்தது. கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத் தமிழர் சிதறி வாழ்பவர்கள். ஒரு வட்டாரத்தைத் தனித்து வெல்வதே கடினம். ஆகவே இங்கே உறுப்பினர் ஆசனத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. சபைக் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழியைப் பயன்படுத்தி, கம்பனியில் பெயர் பதிந்தவரா என்று பாராமல் லயத்தில் வசிப்பவர்களைச் சபை குழுக்களுக்கு அழைக்க வேண்டும். 2018 திறந்துவிட்டது பணப்பெட்டியை. பேசும் இடத்தைச் சபையே திறந்தாக வேண்டும்.