அளவுக்கும் தீட்டு உண்டு

1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1930களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது. கோவையின் தொழில் வரலாற்றை இப்படித்தான் தொடங்குவார்கள். முதலாளிகளின் பெயரோடு முடித்தும் விடுவார்கள். ஓடுகிற எஞ்சின் தேயுமே, அதைத் திரும்ப ஓட வைத்தது யார் கை? கைக்கும் சாதி உண்டு என்பதால் நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. மேல்பக்கம் அதிகம் தேயும். வட்டம் கோணிப்போகும். ஆயில் எரியும், புகை தள்ளும். பட்டறையில் பிளாக்கைக் குடைந்து ஸ்லீவ் இறக்குவார்கள். போரிங் மெஷினில் ஸ்லீவைக் கடைசி அளவுவரை குடையாமல், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விட்டுவைப்பார்கள். மிச்சத்தை ஹோனிங் கல் எடுக்கும். கல் சுற்றிக்கொண்டே ஏறி இறங்கினால்தான் சுவரில் குறுக்கும் மறுக்குமாகக் கோடு விழும். அந்தக் கோட்டில்தான் ஆயில் நிற்கும். கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆக்கிட்டா ரிங் படியாது. மேலே, நடுவே, கீழே என்று கேஜ் விட்டுப் பார்க்கணும். பக்கத்தில் நின்று பழகினால்தான் இந்த வேலை வரும்.

பக்கத்தில் நிற்க யார் விடுகிறார்கள்? எங்க சித்தப்பா ஒரு பட்டறையில் நாலு வருஷம் இரும்புத்தூள் அள்ளினார், டீசலில் பிளாக் கழுவினார். கேஜ் பக்கம் கை போனால், “உனக்கெதுக்குடா அது?” டீ வாங்கக்கூட அவரை அனுப்ப மாட்டார்கள், அதற்கு வேற பையன்.

1938இல் மன்மாடில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் இதைத்தான் பேசினார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தீண்டப்படாதவர் மெக்கானிக் ஆவது அபூர்வம், கூலியாகவே கிடக்கிறார் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருப்பதால் போர்ட்டர் வேலைகூடக் கிடையாது. பம்பாய் ஆலைகளிலோ, அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும் என்பதால் நெசவுப் பகுதியே அடைப்பு. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று 1936லேயே எழுதியவர் அவர்.

போரிங் மெஷின் எந்த சாஸ்திரத்திலும் இல்லை. அதற்குக் குலத்தொழில் கிடையாது. யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்கிற வழியாகத்தான் சாதி பட்டறைக்குள் நுழைந்தது. 1961இன் பயிற்சியாளர் சட்டத்தில் 1973இல் நமக்கு இடஒதுக்கீடு வந்தது. நாலைந்து பேர் வேலை செய்கிற பட்டறையை அது கட்டாயப்படுத்தவில்லை.

சித்தப்பாவின் கையில் கேஜைக் கொடுத்தவர் வேறொரு பட்டறையின் முஸ்லிம் மிஸ்திரி. கேஜ் முள் சாதி பார்க்கவில்லை.

தோழர்களே, உங்கள் சேரியில் மிஸ்திரி இருந்தால் போய் உட்காருங்கள். எந்த வயதில் கேஜைத் தொட்டார், யார் கொடுத்தார், யார் தடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். நம் தொழில் வரலாறு அங்கேதான் இருக்கிறது.