இரு சூரியோதயங்களின் பாதை

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலிருந்த ஆகாய மார்க்கம் துண்டிக்கப்பட்ட பிறகு, குவாண்டாஸ் கம்பெனியார் 1943-இல் பெர்த் நகரத்திலிருந்து இலங்கையின் தென்கோடியிலுள்ள கொக்கல ஏரிக்கு, நடுவில் எங்கும் இறங்காமல், சுமார் 3,500 மைல் சமுத்திரத்தைக் கடக்கும் சாகசத்தை மேற்கொண்டனர். இதற்குப் பயன்பட்ட காட்டலினா என்ற கடல் விமானங்கள் மந்தகதியுடையவை. பெட்ரோலின் பாரமே பெரும்பாரமாதலால் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மேல் ஏற்ற இயலவில்லை. சத்துருக்கள் அறியாவண்ணம் ரேடியோவை மௌனமாக்கி, நட்சத்திரங்களையே வழிகாட்டியாகக் கொண்டு பறந்த அவ்விமானங்களில் சிலவற்றுக்கு, நம் பஞ்சாங்கம் சித்திரை, கேட்டை, திருவோணம் என்று குறிக்கும் தாரகைகளின் ஆங்கிலப் பெயர்களையே சூட்டியிருந்தனர் என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. எதிர்காற்றின் உக்கிரத்தைப் பொறுத்துப் பிரயாண காலம் நீண்டது. ஒருமுறை 32 மணி 9 நிமிஷம் ஆயிற்று. ஆகாயத்திலேயே இருமுறை சூரியோதயத்தைத் தரிசித்த பிரயாணிகளுக்கு அதற்கென ஒரு பத்திரமும் வழங்கப்பட்டது. 1945 வரை 271 முறை அக்கடலைக் கடந்தும் ஓர் உயிர்கூடச் சேதமாகவில்லை; விமானிகளின் கணித ஞானத்துக்கும் மனோதைரியத்துக்கும் உரிய புகழ் இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை.