மருந்துக்குச் சாகாத சோயா

இறம்பொடைப் பக்கத்து லயங்களில் மாசக் கடைசியில் கறி என்றால் பெரும்பாலும் சோயாமீட்தான். வெந்நீரில் ஊறப்போட்டுப் பிழிந்து, வெங்காயமும் கொச்சிக்காய்த்தூளும் போட்டுப் பிரட்டினால் ரொட்டிக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். சில பாக்கெட்டுகளின் மூலையில், மரபணு மாற்றப்படாத சோயாவில் செய்தது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை வாசித்துவிட்டால் கேள்வி தானாக வரும்: "அப்ப மாத்துன சோயான்னு ஒன்னு இருக்குதா? அதத் தின்னா என்னா ஆகும்?"

இருக்கிறது. அது பிறந்த கதைக்கும் நம்முடைய தேயிலை மலைகளுக்கும் ஒரு தொடுப்பும் உண்டு. புல்லுக்கு அடிக்கிற மருந்துதான் அந்தத் தொடுப்பு.

சோயாமீட் வந்த வழியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து, முறுக்கு உரலில் பிழிகிற மாதிரி சின்னத் துளை வழியே தள்ளுவார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விடுபட்டு மாவு பொரிந்து, நார்நாராக இறைச்சி போலாகிவிடும். அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் கம்பனிக்காக வில்லியம் அட்கின்சன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1970இல். இலங்கையில் சோயாவைப் பரப்பும் வேலையும் அந்தப் பத்தாண்டில்தான் நடந்தது. கிளினிக்கில் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா 1973இல் வந்தது. அதிலும் சோளத்தோடு சோயா உண்டு.

அட்கின்சன் காப்புரிமை வாங்கிய அதே 1970இல், மொன்சாண்டோ கம்பனியின் இரசாயனவியலாளர் ஜோன் ஃபிரான்ஸ் கிளைபோசேட் களையைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1974இல் அது 'ரவுண்டப்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. செடிகள் தங்களுக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தாங்களே செய்துகொள்கின்றன. அந்த வேலைக்கு ஒரு நொதியம் வேண்டும். கிளைபோசேட் அந்த நொதியத்தை முடக்கிவிடும். செடி சில நாளில் பழுத்துக் காய்ந்துவிடும். மனித உடம்பில் அந்த நொதியம் இல்லை. அந்த அமிலங்களை நாம் சாப்பாட்டிலிருந்துதான் பெறுகிறோம்.

மருந்துக்குப் புல் எது, பயிர் எது என்று தெரியாது. தேயிலையில் இது பெரிய சிக்கல் இல்லை. இலையில் படாமல் தூருக்குக் கீழே நிலத்தைப் பார்த்து அடித்துக்கொண்டு போகலாம். கண்ணுக்கெட்டிய தூரம் விதைத்த சோயா வயலில் அது நடக்காது; புல்லோடு சோயாவும் போகும். அப்படியானால் மருந்தடித்தாலும் சாகாத சோயாவை உண்டாக்கினால் என்ன? மருந்து விற்ற கம்பனிக்கே அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தேடினார்கள். மருந்தைத் தாங்கும் நொதியங்கள் கிடைத்தன, ஆனால் அவை செடியின் சொந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை. கடைசியில் விடை அகப்பட்டது சாக்கடையில். லூசியானா மாநிலத்தின் லூலிங் என்ற ஊரில் கிளைபோசேட் செய்யும் தொழிற்சாலை இருந்தது. எதுவுமே பிழைக்காது என்று நினைக்கத்தக்க அதன் கழிவில் ஒரு பக்டீரியா சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தது. பெயர் அக்ரோபக்டீரியம், வகை சி.பி.4. மருந்திலேயே கிடந்த உயிர்களில் தாங்கியது மட்டும் தங்கியிருக்கிறது. மனிதர் செய்த மாற்றத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் அதன் மூலச்சரக்கு இயற்கை செய்தது.

அந்த பக்டீரியாவின் மரபணுவைச் சோயாவுக்குள் எப்படிச் சேர்ப்பது? இங்கே கதை கொஞ்சம் வேடிக்கையாகிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஜோன் சான்ஃபோர்டும் அவருடைய கூட்டாளிகளும் 1980களில் நிஜமான துப்பாக்கியை மாற்றியமைத்து, மிக நுண்ணிய உலோகத் துகள்களை வெங்காயத்துக்குள் சுட்டுப் பார்த்திருந்தார்கள். மரபணு பூசிய துகள்கள் உயிரணுவுக்குள் போய்ச் சேர்ந்தன. அதே வழியில், மரபணு பூசிய தங்கத் துகள்களைச் சோயாவுக்குள் செலுத்தினார்கள். பிழைத்து, வளர்ந்து, காய்த்த ஒரு செடியின் வம்சத்துக்கு 40-3-2 என்று இலக்கமிட்டார்கள். 1996இல் அமெரிக்க விவசாயிகள் அதை விதைத்தார்கள். இன்று அந்த நாட்டில் விளையும் சோயாவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் களைநாசினியைத் தாங்கும் சோயாதான்.

தின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். இன்னொரு சோயாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும்; அதே 1996இல்தான் அந்தக் கதை வெளியானது. பயனியர் என்ற விதைக் கம்பனி, கால்நடைத் தீவனத்தின் சத்தைக் கூட்ட, பிரேசில் கொட்டையின் ஒரு மரபணுவைச் சோயாவில் சேர்த்தது. அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுடைய இரத்தத்தை வைத்துச் சோதித்தபோது, ஒவ்வாமையும் மரபணுவோடு சோயாவுக்கு வந்துவிட்டது தெரிந்தது. கம்பனி அதைக் கைவிட்டது. சந்தைக்கு வரவே இல்லை. மரபணுப் பயிரே நஞ்சு என்பவர்களும் இந்தக் கதையைச் சொல்வார்கள், சோதனை வேலை செய்கிறது என்பவர்களும் சொல்வார்கள். எனக்கு இரண்டாம் கட்சி சொல்வதே சரியாகப் படுகிறது. அதேசமயம், ஒவ்வொரு புதுப் பயிரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கும் இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. 2016இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி, சந்தையில் உள்ள மரபணு மாற்றிய உணவுகள் சாதாரண உணவைவிட உடம்புக்குக் கேடு என்பதற்குச் சான்று இல்லை என்று அறிக்கை தந்தன.

இலங்கை அவசரமாகவும் நடந்துகொண்டது, நிதானமாகவும் நடந்துகொண்டது. 2001இல் இந்த உணவுகளின் இறக்குமதிக்குத் தடை போட்டு, வர்த்தக நாடுகளின் நெருக்குதலில் அதை ஒத்திவைத்தது. பிறகு 2006இல் ஒழுங்குவிதி வந்தது: அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் லேபிளில் சொல்ல வேண்டும். வாங்குகிறவருக்குத் தெரிந்திருப்பது நல்லதுதான்.

ஆனால் மருந்தைத் தாங்கும் இந்தச் சோயாவால் யாருக்கு லாபம்? புல் வேலை சுலபமாகிப் பெரிய பண்ணைக்காரருக்கு லாபம். விதையையும் மருந்தையும் சேர்த்து விற்ற கம்பனிக்கு லாபம். தின்கிறவருக்குச் சத்தில் ஒரு துளியும் கூடவில்லை. பண்ணைக்காரர் லாபமும் முழுசாக நிலைக்கவில்லை. நம்முடைய முளைக்கீரைக்குச் சொந்தக்காரியான பாமர் கீரை என்ற களை, 2005 வாக்கில் ஜோர்ஜியா வயல்களில் மருந்துக்குச் சாகாமல் நின்றது. லூலிங் கழிவில் நடந்தது வயலிலும் நடந்தது, அவ்வளவுதான்.

தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்கிறது. முழு நாட்டுக்கும் அது 17.3. இப்படிப்பட்ட இடத்தில் சத்தைக் கூட்டும் பயிர்தான் கேட்கத் தோன்றும். உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்துச் சேர்ந்த பொன்னரிசிக்கு 2021இல் பிலிப்பைன்ஸ் அனுமதி கொடுத்தது. 2024இல் அங்குள்ள நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது.

சோயாவைத் தின்கிறவரைவிட மருந்துக்கலனை முதுகில் சுமக்கிறவரைப் பற்றியே என் கவலை அதிகம். 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், கிளைபோசேட் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. ஐரோப்பிய, அமெரிக்க அதிகார சபைகள் அதை ஏற்கவில்லை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி அதே வருஷம் இலங்கை கிளைபோசேட்டைத் தடை செய்தது. மலைகளில் புல் மண்டியது. சுரண்டி பிடிக்க ஆள் போதவில்லை. சில இடங்களில் எம்.சி.பி.ஏ. என்ற வேறு களைநாசினி கலனுக்குள் போனது. அதைச் சுமந்தவர்களின் உடம்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. தேயிலையில் அதன் எச்சம் இருக்கிறது என்று ஜப்பானிலிருந்து கேள்வி வந்த பிறகுதான் விஷயம் கொழும்பில் சூடு பிடித்தது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட்டைத் திரும்ப அனுமதித்தார்கள்.