குக்குலு, பூண்டு, வெண்டைக்காய் - எங்க வீட்டு கொலஸ்ட்ரால் சரித்திரம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வாரம், பெங்களூர்ல இருந்து ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திண்டுக்கல், அதுலயும் பேகம்பூர். வெளியூர்க்காரங்களுக்காக ரெண்டே வரி: 1755-ல ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாரா வந்தார். அவரோட தங்கை அமீருன்னிசா பேகம் இங்கே பெரிய பள்ளிவாசல்ல அடக்கம். அந்த பேகம் பேர்லதான் பேகம்பூர். அதுக்கப்புறம் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தோல் பதனிடுற தொழிலும் பிரியாணியும். இந்தப் பதிவு பிரியாணியோட பின்விளைவைப் பத்தி :-)

தலைவலி மாத்திரை தேடி பீரோவைத் திறந்தா, அத்தாவோட கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டைகள் அடுக்கி வச்ச மேனிக்கு அப்படியே இருக்கு. ஒண்ணுகூட பிரிக்கல. "என்னத்தா இது?"ன்னு கேட்டேன். "அதான் இயற்கையாவே குறைச்சுக்கிட்டு இருக்கோம்ல"ன்னு ஒரு டப்பாவை எடுத்துக் காட்டுனாங்க. உள்ளே பழுப்பு கலர்ல பொடி, குக்குலுவாம். நன்னி பங்குக்கு தினமும் ராத்திரி பூண்டுப் பால். எட்டு மாசமா இதுதான் வைத்தியம். ஆரம்பத்துல எல்டிஎல் 182. மாத்திரை போட்டப்ப 104. மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தா 176!

கத்தலாம்னு வாயைத் திறந்தேன். ஆனா அத்தா கேட்ட ஒரு கேள்வி வாயை அடைச்சுடுச்சு. "முன்னாடி காலத்துல மாத்திரையா இருந்துச்சு? அவங்களும் வாழ்ந்தாங்கல்ல?" பதில் தெரியல. ஒரு பக் எப்போ உள்ளே வந்துச்சுன்னு பழைய லாக் எல்லாம் தோண்டுற மாதிரி, இந்தக் கொலஸ்ட்ரால் கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

கதை முயல்ல ஆரம்பிக்குது. 1913-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல நிக்கலாய் அனிச்கோவ்னு ஒருத்தர், சூரியகாந்தி எண்ணெய்ல சுத்தமான கொலஸ்ட்ராலைக் கரைச்சு முயல்களுக்குக் கொடுத்தார். ரத்தக்குழாய்ல மனுஷனுக்கு வர்ற மாதிரியே படிவு வந்துச்சு. முயல் புல் தின்கிற ஜீவன், அதை வச்சு மனுஷனைப் பத்திப் பேசலாமான்னு அப்பவே சண்டை. அந்தச் சண்டையில நியாயமும் இருக்கு. நம்ம உடம்புல இருக்குற கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதியை நம்ம உடம்பேதான் செய்யுது. முட்டை, ஈரலை விட, பெரும்பாலானவங்களுக்கு எல்டிஎல்லை ஏத்துறது நெய், கொழுப்புக்கறி, தேங்காய் எண்ணெய்ல இருக்குற நிறைவுற்ற கொழுப்பும், வனஸ்பதியில இருந்த டிரான்ஸ் கொழுப்பும்தான்னு பின்னாடிதான் தெளிவாச்சு. டால்டா இந்தியாவுக்கு வந்தது 1937. டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏத்தி, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லை இறக்கும்னு நெதர்லாந்துக்காரங்க காட்டுனது 1990. எண்ணெய், கொழுப்புகள்ல அது 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் வந்தது 2022. கணக்குப் போட்டுப் பாருங்க, எத்தனை கல்யாண பிரியாணி!

இப்போ அத்தாவோட டப்பாவுக்கு வருவோம். குக்குலு ஒண்ணும் நேத்து முளைச்ச மோசடி இல்ல. ராஜஸ்தான், குஜராத் பக்கம் வளர்ற ஒரு முள்மரத்தோட பிசின் அது. உடல் பருமனுக்கு அதைக் கொடுக்கலாம்னு சுஸ்ருத சம்ஹிதை சொல்லுது. அதைப் படிச்சுட்டு, "சரி, சோதிச்சுப் பார்ப்போம்"னு இறங்குனவங்க ஜி.வி. சத்தியவதி. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல 1966-ல ஆய்வேடு கொடுத்தாங்க. இங்கேயும் முயல்தான். குக்குலு கொடுத்த முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைஞ்சது. பின்னாடி அவங்க ஐசிஎம்ஆருக்கே தலைமை இயக்குநர் ஆனாங்க. லக்னோவுல இருக்குற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அந்தப் பிசின்ல இருந்து மருந்தே தயாரிச்சு, 80-கள்ல அது கடைக்கு வந்துச்சு. இந்தியாவுல நடந்த சோதனைகள்லயும் நல்ல முடிவுதான். பாட்டி வைத்தியம்னு கும்பிடவும் இல்லாம, மூடநம்பிக்கைன்னு தள்ளவும் இல்லாம, எடுத்து அளந்து பார்த்தாங்க பாருங்க, அந்த விஷயத்துல எனக்கு சத்தியவதி மேல பெரிய மரியாதை.

ஆனா அளக்குறதுல ஒரு சிக்கல் இருக்கு. இன்னொருத்தரும் அளப்பாங்க. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 103 பேரை வச்சு 8 வாரம் சோதிச்சாங்க. 2003 ஆகஸ்ட்ல, ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு. டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு எல்டிஎல் 5 சதவீதம் இறங்கியிருந்தது. குக்குலு சாப்பிட்டவங்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியிருந்தது! சிலருக்குத் தோல்ல தடிப்பு வேற. அமெரிக்கச் சாப்பாடு வேற, நம்ம சாப்பாடு வேறன்னு வாதம் பண்ணலாம், பண்ணவும் செஞ்சாங்க. ஆனா அத்தாவோட 176-ஐப் பார்த்த பிறகு எனக்கு வாதம் பண்ணத் தெம்பில்ல.

நன்னியோட பூண்டுக்கும் இதே கதி. 2007-ல ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க 192 பேருக்கு வாரத்துல ஆறு நாள், ஆறு மாசம், பூண்டு கொடுத்துப் பார்த்தாங்க. சிலருக்குப் பச்சைப் பூண்டு, சிலருக்குப் பூண்டு மாத்திரை, மிச்சப் பேருக்கு டம்மி. எல்டிஎல் அசையவே இல்ல. வாய் நாற்றம் எவ்வளவு ஏறுச்சுன்னு தெரியல :-)

அப்போ சாப்பாட்டால ஒண்ணும் ஆகாதான்னு கேட்டா, ஆகும். அதே 2003, அதே ஜாமா, ஆனா ஒரு மாசம் முன்னாடி, ஜூலைல. டொரன்டோவுல டேவிட் ஜென்கின்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், 46 பேரை மூணு குழுவாப் பிரிச்சார். ஒரு குழுவுக்குக் கொழுப்பு கம்மியான சாதாரணச் சாப்பாடு. இன்னொரு குழுவுக்கு அதே சாப்பாடு, கூட லோவாஸ்டாட்டின் மாத்திரை. மூணாவது குழுவுக்கு பார்லி, ஓட்ஸ், இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின். காய்கறியில முக்கியமா என்ன தெரியுமா? வெண்டைக்காயும் கத்திரிக்காயும்! ஒரு மாசத்துல முதல் குழுவுக்கு எல்டிஎல் 8 சதவீதம் இறங்குச்சு. மாத்திரைக் குழுவுக்கு 30.9. வெண்டைக்காய்க் குழுவுக்கு 28.6.

விஷயம் அந்த வழவழப்புலதான். கொழுப்பைச் செரிக்கிறதுக்கு ஈரல் கொலஸ்ட்ராலை வச்சுத்தான் பித்தம் செய்யுது. வேலை முடிஞ்ச பித்தத்துல பெரும்பகுதி குடல்ல இருந்து ஈரலுக்கே திரும்பிப் போயிடும். சரியான ரீசைக்கிளிங். வழவழப்பு நார் அதுல கொஞ்சத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுது. புதுசாப் பித்தம் செய்ய ஈரலுக்குச் சரக்கு வேணும், ரத்தத்துல இருக்குற எல்டிஎல்லை இழுத்துக்குது. மாத்திரையும் கடைசியில செய்யறது இதேதான், வழிதான் வேற. ஈரல் சொந்தமாக் கொலஸ்ட்ரால் செய்யறதைக் குறைச்சு, ரத்தத்துல இருந்து இழுக்க வைக்குது.

சந்தோஷப்பட்டு முடிக்கறதுக்குள்ள 2011 வந்துச்சு. அதே ஜென்கின்ஸ், 351 பேர், ஆறு மாசம். இந்தத் தடவை சாப்பாடு சமைச்சுக் கொடுக்கல, ஆலோசனை மட்டும்தான். இறங்குனது சுமார் 13 சதவீதம். வீட்ல, கல்யாணத்துல, ரோட்டுக் கடைல சாப்பிடுற மனுஷனோட கணக்கு இதுதான். 182-க்கு 13 சதவீதம் கழிச்சா 158. அத்தாவுக்குச் சர்க்கரையும் இருக்கு, 158 பத்தாது.

கடைசியா, "இயற்கை"ங்கிற வார்த்தைக்கு ஒரு கொசுவர்த்தி. 1970-கள் ஆரம்பத்துல ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலிச்சுக்கிட்டு இருந்தார். கியோட்டோ தானியக் கடை ஒண்ணுல எடுத்த அரிசியில இருந்த நீலப்பச்சைப் பூசணத்துல, 1973-ல முதல் ஸ்டாட்டின் கிடைச்சது. அவர் 2024-ல தவறிட்டார். ஜென்கின்ஸ் கொடுத்த லோவாஸ்டாட்டினும் இன்னொரு பூஞ்சையோட சரக்குதான். அத்தா பிரிக்காம வச்சிருந்த அடோர்வாஸ்டாட்டின் ஆய்வகத்துல செஞ்சது, ஆனா பாட்டன் அந்த அரிசிப் பூசணம்தான். இதைச் சொன்னதும் அத்தா அட்டையை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "பூசணமாடா?"

டாக்டர்கிட்ட எட்டு மாசக் கதையை ஒளிக்காமச் சொல்லிட்டு, மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சு. காலைல பார்லிக் கஞ்சி, சாயங்காலம் மலையடிவாரத்தைச் சுத்தி நடை, வாரத்துக்கு நாலு நாள் வெண்டைக்காய். பிரியாணி மாசத்துக்கு ரெண்டு, அதுக்கு மேல பேரம் படியல. மூணு மாசம் கழிச்சு எல்டிஎல் 86.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். உங்க மாத்திரையைப் பத்தி உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க.

நன்னிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "அப்ப பூண்டு வேணாங்குறியா?"ன்னு போன்ல கேட்டாங்க. பால்ல வேணாம் நன்னி, கொழம்புல தாராளமாப் போடுங்கன்னு சொல்லியிருக்கேன்.