ஏடும் எக்ஸ்டர்னல் டிஸ்கும்

டிஸ்க் வாங்கப் போற நம்மூர் மக்கள் எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "எத்தனை டெராபைட் வாங்கலாம்?" அது கொள்ளளவு, அவ்வளவுதான். அட்டையில 1 டெராபைட், விண்டோஸ்ல 931 ஜிபி. கம்பெனிக்காரர் 1000-ஆல வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல வகுக்குது. யாரும் திருடலை வே!

கேட்க வேண்டியது ஃபார்மட்டும் பேக்கப்பும். ரெண்டையும் நெல்லைச் சீமை ஓலைச்சுவடி காலத்திலேயே பார்த்தாச்சு.

ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எ, ஏ வித்தியாசமும் தெரியாது. ஏடு பத்திரமா இருந்தாலும் அந்த எழுத்து பழகினவர்தான் படிக்க முடியும். விண்டோஸுக்காக என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் செஞ்ச டிஸ்கை மேக்ல செருகினா படிக்கும், எழுத விடாது. அதே சங்கதிதான்.

பேக்கப்னா இன்னொரு பிரதி. போட்டோவை எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு மாத்திட்டு கணினியில அழிச்சா, அது வெறும் இடமாற்றம். ஓலையைப் பூச்சி அரிக்கும். அதுக்குள்ள புது ஓலையில் படியெடுக்கணும். தாமிரபரணிக் கரையில் கவிராயர் வீடுகள்ல தலைமுறை தலைமுறையா சுவடிகளைக் காப்பாத்தி வெச்சிருந்தாங்க. உ.வே.சாமிநாதையர் 1889-ல் அச்சிட்ட பத்துப்பாட்டுக்கு ஆழ்வார்திருநகரி ஏடு பெரிய துணை.

அங்கிருந்து வடமேற்கே, சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர். வரகுணராம பாண்டியர் சேர்த்த ஏடுகள் கோயில்ல இருக்குன்னு கேள்விப்பட்டு ஐயர் போனார். பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்ச்சு ஹோமத்தீயில போட்டாச்சுன்னு சொல்லிட்டாங்களாம். மொத்தமும் ஒரே இடத்துல இருந்தது.