ஏடனிலிருந்து வந்த ஓட்டை உடைசல்

போன வருஷம் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருத்தரிடம் ஆன்லைனில் பழைய கேமரா லென்ஸ் ஒன்று வாங்கினேன். 1970களில் செய்தது. அவர் கணக்கில் 500க்கு மேல் நல்ல மதிப்பீடுகள், குறை ஒன்றுகூட இல்லை. "தளத்துக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பினால் பத்து சதவீதம் குறைச்சுத் தரேன்" என்று எழுதினார். அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. முதல் மெயிலுக்குப் பதில் வந்தது, இரண்டாவதுக்கு வரவில்லை. தளத்தில் புகார் கொடுக்கவும் வழியில்லை, அங்கேதான் வியாபாரமே நடக்கவில்லையே! போனது 11,000 ரூபாய்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்த மாதிரி அப்புறம்தான் அவருடைய மதிப்பீடுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முக்கால்வாசி செல்போன் உறை விற்றதற்கு வாங்கியவை. லென்ஸ் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கடுப்பில் ஒரு கேள்வி வந்தது. முகம் தெரியாத ஆளிடம், தொட்டுப் பார்க்காத பழைய பொருளைக் கடல் தாண்டி வாங்குவது இன்டர்நெட்டுக்கு அப்புறம் வந்த பழக்கமா? இல்லை. தேடிப்போனதில் 12ஆம் நூற்றாண்டு மங்களூரில் போய் நின்றேன்.

எகிப்தில் பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்ற யூத வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. கடவுள் பெயர் எழுதிய தாளை வீசக்கூடாது என்பதால், எழுதிய காகிதங்களை ஓர் அறையில் போட்டுவைப்பது வழக்கம். கெனிசா என்று பெயர். நல்லவேளையாக வியாபாரக் கடிதங்களும் கணக்குச் சீட்டுகளும் அதிலேயே சேர்ந்துவிட்டன. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். பிறகு எஸ்.டி. கொய்டைன் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து அவற்றைப் படித்தார்.

அந்தக் கடிதங்களில் வரும் ஒருவர் ஆபிரகாம் பென் யிஜு. துனீசியாவிலிருந்து கிளம்பி, ஏடன் வழியாக 1130களில் மலபார் கரைக்கு வந்தவர். 1149 வரை இங்கேதான், பெரும்பாலும் மங்களூரில் இருந்தார். மிளகு, ஏலக்காய் வியாபாரத்தோடு ஒரு வெண்கலப் பட்டறையும் நடத்தினார். ஏடனிலிருந்த நண்பர்கள் ஓட்டை உடைசல் பாத்திரங்களைக் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே அவற்றை உருக்கிப் புதுப் பாத்திரம் செய்து திருப்பி அனுப்புவார். ஆக, கடல் தாண்டி வந்த பழைய சாமான்தான் அவர் பட்டறைக்குச் சரக்கு.

இதை எப்படி நம்பிச் செய்தார்கள்? எத்தனை உருப்படி, என்ன எடை, யார் கையில் எந்தக் கப்பலில் வருகிறது என்று கடிதத்தில் வரிசையாக எழுதினார்கள். முக்கியமான கடிதத்தைப் பிரதியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றாமல் பிரித்தார்கள். "நல்ல நிலையில் உள்ளது" என்ற மொட்டை வாசகத்தை நம்பிப் பணம் அனுப்பிய என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரர்கள்.

ஆனாலும் ஏமாந்தார்கள். ஏலக்காய்க்காக, கடிதங்கள் 'கார்தார்' என்று குறிப்பிடும் உள்ளூர் ஆள் ஒருவருக்கு பென் யிஜு முன்பணம் கொடுத்தார். ஏடன்காரர்களின் பணமும் அதில் இருந்தது. சரக்கு வரவில்லை. நயமாகக் கேட்டும் பலனில்லை. அப்போது ஏடனிலிருந்து ஒருவர் பென் யிஜுவுக்கு ஒரு யோசனை எழுதினார்: வாங்கிய கடனைத் தீர்க்காதவன் பெயரை நாங்கள் இங்கே ஊரறியக் கெடுத்துவிடுவோம், எழுத்திலும் அனுப்புவோம் என்று அந்த ஆளை மிரட்டிப் பாருங்கள்.

இன்றைக்கு நாம் போடும் ஒற்றை நட்சத்திரத்துக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா. மிரட்டலின் பலவீனத்தையும் கவனியுங்கள். ஏடன் வியாபாரிகளின் தயவு நாளைக்கும் வேண்டும் என்று நினைக்கிறவனுக்குத்தான் அது உறைக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தவனுக்கு ஏடனில் பெயர் கெட்டால் என்ன, கெடாவிட்டால் என்ன?

இதற்கு ஒரு பொருளாதார முகம் உண்டு. 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் குறைத்தே விலை கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் கட்டுப்படியாகாமல் ஒதுங்குவான், சந்தையில் சொத்தைகள் மிஞ்சும். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை இது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் வீடுகளில் அரிசியில் கல் பொறுக்குவதும் அந்தக் கட்டுரையில் வருகிறது. அரிசி போலவே இருக்கும் கல்லை வேண்டுமென்றே கலக்கிறார்களே, அந்தப் பொறுக்குகிற வேலையும் நேர்மையின்மைக்கு நாம் கொடுக்கும் விலைதான் என்கிறார்.

1995இல் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத் தளம்தான் பிறகு ஈபே ஆனது. அதில் முதலில் விற்றதாகச் சொல்லப்படுவது வேலை செய்யாத லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. வாங்கியவர் உடைந்தது என்று தெரிந்தே வாங்கினார். சொன்னதும் வந்ததும் ஒன்று என்பதால் அது நேர்மையான வியாபாரம். 1996இல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் வசதி வந்தது. அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்று ஆய்வாளர்கள் சிலர் பழைய தபால் அட்டைகளை விற்றுச் சோதித்தார்கள். ஒரே ஆள், ஒரே வகைச் சரக்கு. நல்ல பெயர் எடுத்த பழைய கணக்குக்குக் கிடைத்த விலை, புதுக் கணக்குகளைவிட சுமார் 8 சதவீதம் அதிகம்.

பெயருக்கு விலை உண்டென்றால் போலியும் உண்டு. சில்லறைச் சாமான் விற்று நட்சத்திரம் சேர்த்து, பெரிய பொருளில் ஏமாற்றலாம். "நீ குறை சொன்னால் நானும் சொல்வேன்" என்ற பயமும் இருந்தது. அதனால் 2008இல் வாங்குபவருக்கு விற்பவர் எதிர்மறை மதிப்பீடு தருவதையே ஈபே நிறுத்தியது.

இவ்வளவும் படித்தபின் வெளிநாட்டிலிருந்து பழைய பொருள் வாங்க எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள் இவை.

1. எண்ணிக்கையை விடு, எதை விற்று வாங்கிய பெயர் என்று பார். லென்ஸ் வாங்கினால் லென்ஸ் வாங்கியவர்கள் எழுதியதைப் படி.

2. பணம் திரும்பி வரக்கூடிய வழியில் மட்டும் கொடு. தளத்துக்கு வெளியே வரச்சொல்லித் தள்ளுபடி தருபவர், உன்னுடைய ஒரே பிடியைத்தான் விலைக்கு வாங்குகிறார்.

3. ஏடன்காரர்கள் மாதிரி எழுதிக் கேள். பூஞ்சை உண்டா, திருகு சுலபமாகத் திரும்புகிறதா, டார்ச் அடித்த படம் உண்டா? பதில் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இருக்கட்டும். 'சோதிக்கவில்லை' என்றிருந்தால் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்.

4. ஜப்பானிலிருந்து வாங்கினால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய பொருள் வியாபாரிகளுக்கு உரிமம் வேண்டும். திருட்டுச் சரக்கைத் தடுக்க வந்த சட்டம். கடையின் உரிம எண்ணைத் தேடிப் பார்.

5. சுங்கத்தை முதலிலேயே விசாரி. மூலதனப் பொருட்கள் நீங்கலான பழைய பொருட்களின் இறக்குமதிக்கு அனுமதி தேவை என்கிறது நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை. என் லென்ஸ் தடையின்றி வந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்வது குற்றம். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைதான் கணக்கில் நிற்கும்.

இந்த ஐந்தும் கடைசியில் ஒரே கேள்விதான்: இந்த ஆள் என்னை ஏமாற்றினால் அவருக்கு என்ன நஷ்டம்? "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் நான் இப்போது வாங்குவதில்லை. பூஞ்சை லென்ஸ் மேஜை மேலேயே இருக்கிறது. ஆன்லைனில் ஏதாவது பழைய சாமான் மலிவாகக் கண்ணில் படும்போதெல்லாம் அதை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.